அக்ரிலிக் மேல் ஆயில்: பின்னணி சுருங்குகிறது, இருள் மங்குகிறது, ஹைலைட் ஒட்டவில்லை

மஞ்சள்காவி:

ஸ்டுடியோ வகுப்பில் 16×20 அங்குல கேன்வாஸ். பித்தளைச் செம்பும் இரண்டு கத்தரிக்காயும் வைத்து ஸ்டில் லைஃப். அக்ரிலிக் பர்ன்ட் அம்பரில் (அடர் பழுப்பு) ஒளி நிழலை மட்டும் போட்டு, காய்ந்ததும் ஆயில் பெயின்ட்டில் தொடரச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் ஆயிலை ஆரம்பித்துவிட்டேன். இப்போது மூன்று தொல்லை.

டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரின் நீலம் கலந்த பின்னணி வழவழவென்று வரட்டும் என்று லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்)த் தாராளமாகச் சேர்த்தேன். 12 நாள் ஆகியும் விரல் வைத்தால் பிசுக்கு. மேலே பாலாடை மாதிரி சுருக்கம் வேறு. அடுத்தது கத்தரிக்காயின் நிழல் பக்கம்: டர்பன்டைன் (பெயின்ட்டை இளக்கும் திரவம்) விட்டு மெல்லிசாகப் போட்ட அன்று பளபளத்தது, இன்று கரி பூசியது போல் இருக்கிறது. மூன்றாவது, சீக்கிரம் காயுமே என்று செம்பின் மினுக்குக்கு (ஹைலைட்) அக்ரிலிக் வெள்ளை வைத்தேன். தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு நிற்கிறது.

எதைக் காப்பாற்றலாம், எதைச் சுரண்ட வேண்டும்?

---

தூரிகைத்தடம்:

முதலில் அந்த அக்ரிலிக் வெள்ளையை எடுத்துவிடுங்கள். நகத்தால் நெம்பினாலே தோலாக உரிந்து வரும். ஆயில் மேல் அக்ரிலிக் நிற்காது. எண்ணெய்ப் பரப்பில் தண்ணீர் படியாது என்பது ஒன்று. அப்படியே ஒட்டினாலும், அடியில் இருக்கும் ஆயில் மாதக்கணக்கில் காய்ந்துகொண்டே அசையும், மேலே இருப்பது செதிலாகக் கழன்று விழும். தலைகீழாக, அக்ரிலிக் மேல் ஆயில் போடுவதில் தப்பில்லை, அந்த அக்ரிலிக் மெல்லியதாகவும் பளபளப்பு இல்லாமலும் இருந்தால். கண்ணாடி போல வழுக்கும் தடித்த அக்ரிலிக்கில் ஆயிலுக்குப் பிடிமானம் கிடைக்காது.

ஒரு மணி நேரம் போதாது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் மிச்சமிருக்கும். மெல்லிய பூச்சுக்கு ஒரு நாள், தடிப்பாகப் போட்டிருந்தால் மூன்று நாள் விடுங்கள்.

சுருக்கத்துக்குக் காரணம் எண்ணெய். அக்ரிலிக் தண்ணீர் ஆவியாகிக் காய்கிறது. லின்சீட் ஆவியாவதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது, அப்போது கொஞ்சம் விரிகிறது. எண்ணெய் அதிகமானால் மேல்தோல் முதலில் மூடிக்கொள்ளும், விரிய இடமில்லாமல் மடிந்துவிடும். காத்திருந்தாலும் அந்த மடிப்பு நிமிராது. இளகி இருக்கும்போதே பேலட் நைஃபைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி, டர்பன்டைன் லேசாக நனைத்த துணியால் துடையுங்கள். கேன்வாஸ் நூலில் நீலம் கொஞ்சம் தங்கினால் பரவாயில்லை. இரண்டு மூன்று நாள் உலரவிட்டு மறுபடி போடுங்கள்.

அளவு: முதல் பூச்சுக்குப் பெயின்ட்டில் டர்பன்டைன் சில துளி மட்டும். இரண்டாவதுக்கு டர்பன்டைன் 2 பங்கு, லின்சீட் 1 பங்கு. மூன்றாவதுக்குச் சரிபாதி. எந்தப் பூச்சானாலும் இந்தக் கலவை பெயின்ட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஃபேட் ஓவர் லீன் என்று வகுப்பில் சொல்வது இதைத்தான். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும், கீழே குறைவாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் மேல்பூச்சு முதலில் இறுகி, கீழே அசையும்போது வெடிக்கும்.

---

கரித்துண்டு:

கத்தரிக்காயைச் சுரண்ட வேண்டாம். அது கெட்டுப்போகவில்லை, எண்ணெயை அடிப்பூச்சு குடித்துவிட்டது. அம்பர் போன்ற மண் நிறங்களில் இது சகஜம், டர்பன்டைன் விட்டு இளக்கியிருந்தால் இன்னும் அதிகம். கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், லின்சீட்டும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து, பஞ்சு உதிராத பழைய பருத்தித் துணியில் தொட்டு, அந்த இடத்தில் மட்டும் தேய்த்து, சில நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். நிறம் திரும்ப வரும். வந்ததும் அதன் மேலேயே வேலை செய்யலாம். வார்னிஷ் அடித்து மினுக்க நினைக்காதீர்கள், அதற்கு ஆறு மாதமாவது ஆக வேண்டும்.

எல்லா நிறமும் ஒரே வேகத்தில் காயாது என்பதையும் கணக்கில் வையுங்கள். பர்ன்ட் அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் ஓரிரு நாளில் காயும். ஐவரி பிளாக்கும் அலிஸரின் கிரிம்ஸனும் (அடர் சிவப்பு) சோம்பேறிகள், மெதுவாகத்தான் காயும். கத்தரிக்காய்க்கு ஐவரி பிளாக்கை அடியில் தடிப்பாகப் போட்டு மேலே அம்பர் பூசினால் விரிசல் உறுதி. கறுப்பு ட்யூபே வேண்டாம்: அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் சம அளவில் கலந்தால் ஆழமான இருள் கிடைக்கும், நீலத்தைக் கூட்டி கத்தரி ஊதா பக்கம் தள்ளலாம், அலிஸரின் ஒரு பொட்டு போதும்.

செம்பின் மினுக்குக்கு வெறும் வெள்ளை வைத்தால் எவர்சில்வர் ஆகிவிடும்! டைட்டானியத்தில் லெமன் யெல்லோ கடுகளவு. அதைவிட முக்கியம், பக்கத்திலேயே அம்பரும் மஞ்சள் காவியும் கலந்த கெட்டியான இருள். பித்தளை மின்னுவது அந்த ஓரத்தால்தான். ஒரே தொடுதலில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

---

மஞ்சள்காவி:

நன்றி. மினுக்கு தோலாகவே உரிந்து வந்தது. இன்னும் மூன்று சந்தேகம். டைட்டானியத்துக்குப் பதில் ஜிங்க் ஒயிட் வாங்கலாமா? ஹார்டுவேர் கடை தின்னர் டர்பன்டைனுக்கு ஈடாகுமா? அக்ரிலிக் நாட்களில் ஃபேன் காற்றில் பேலட்டிலேயே பெயின்ட் காய்கிறதே, என்ன வழி?

---

செம்மண்பொடி:

ஆயிலில் ஜிங்க் வேண்டாம். காய்ந்தபின் நாளாக நாளாக நொறுங்கும் தன்மை வரும், கேன்வாஸ் லேசாக அசைந்தாலே அடுக்கு பிரியும். டைட்டானியத்திலேயே இருங்கள். சில ட்யூப்களில் இரண்டும் கலந்திருக்கும். பின்னால் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், பிடபிள்யூ 6 டைட்டானியம், பிடபிள்யூ 4 ஜிங்க்.

கடையில் வெறுமனே தின்னர் என்று கேட்டால் பெரும்பாலும் என்.சி. தின்னரைத்தான் (நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டுக்கான காரமான கரைப்பான்) தருவார்கள். கேன்வாஸ் பக்கமே கொண்டுபோக வேண்டாம்: மூடிய வகுப்பறையில் அதன் நெடி தாங்காது, அக்ரிலிக் அடிப்பூச்சையும் கரைத்துவிடும். மினரல் டர்பன்டைன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், அது பிரஷ் கழுவப் போதும். பெயின்ட்டில் கலக்க மட்டும் ஆர்ட் கடை டர்பன்டைன். மண்ணெண்ணெயில் கழுவினால் பிசுக்கு தங்கும், பிறகு சோப்பு போட்டே ஆக வேண்டும்.

அக்ரிலிக்குக்கு மூடி இறுகும் டிபன் டப்பா ஒன்று எடுங்கள். அடியில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச் துணி, மேலே கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாள், அதன் மேல் பெயின்ட். மூடி வைத்தால் மறுநாளும் கிடைக்கும். ரிடார்டரை (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) கை போன போக்கில் ஊற்றினால் படம் காயவே காயாது, புட்டியில் போட்டிருக்கும் அளவை மீறாதீர்கள். வெறும் தண்ணீரை நிறைய விட்டு இளக்கினால் பைண்டர் (நிறப்பொடியைப் பிடித்துவைக்கும் பசை) பலமிழந்து பெயின்ட் பொடியாக உதிரும். கழுவல் போலப் பூசத் தண்ணீரோடு அக்ரிலிக் மீடியமும் (நிறமில்லாத பைண்டர்) சேருங்கள். கலக்கும்போது ஒரு படி வெளிறலாக வையுங்கள், காய்ந்ததும் நிறம் இருண்டு இறங்கும்.

லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. காயும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள், இல்லையென்றால் வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள்.