பதினொரு சான்றிதழ் இருக்கிறது, ஓர் அழைப்பும் வரவில்லை

இறுதியாண்டு:
பார்மசி இறுதியாண்டு படிக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் இணையவழியில் பதினொரு சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் பார்மகோவிஜிலன்ஸ், மருத்துவ ஆய்வு நெறிமுறையான ஜிசிபி, மருந்தின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவியான எச்பிஎல்சி, மருந்துப் பதிவு விதிகள், மருத்துவக் கோடிங், மார்க்கெட்டிங் என்று பட்டியல் நீளும். இருபது இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஓர் அழைப்புகூட வரவில்லை. செலவழித்த நேரமெல்லாம் வீண்தானா? இந்த மன்றத்தில் இருப்பவர்கள் மனம் நோகுமே என்று பார்க்காமல் சொல்லுங்கள்.

கல்வம்:
வீண்தான். மருந்துப் பாதுகாப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் பன்னிரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். தொடக்கத்தில் ஒருவர் ஜிசிபி சான்றிதழோடு வந்தால் நிமிர்ந்து பார்ப்போம். இன்று என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் அது இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லோர் கையிலும் இருப்பதை வைத்து யாரைத் தேர்ந்தெடுப்பது? அதிலும் பதினொன்று என்றால், இந்தப் பிள்ளைக்கு எந்த வேலைமேல் ஆசை என்று அதற்கே தெரியவில்லையோ என்றுதான் முதலில் தோன்றும்.

தாழ்வாரம்:
கல்வம் ஐயா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுகிறார். நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுக்கும் கல்லூரியில் படித்தவருக்கு இந்தத் தாள் தேவைப்படாது. எங்கள் கல்லூரியில் பார்மகோவிஜிலன்ஸ் என்பது பாடநூலின் கடைசி அத்தியாயங்களில் ஒன்று. அதை நடத்திய ஆசிரியரே பக்கவிளைவுப் புகார்ப் படிவம் ஒன்றை நிரப்பிப் பார்த்ததில்லை. பக்கவிளைவுகளை ஒரே சீராகப் பெயரிட உலகெங்கும் பயன்படும் மெட்ரா என்ற சொல்தொகுதி இருப்பதே எனக்கு இணைய வகுப்பில்தான் தெரிந்தது.

1978 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கூட்டாளியாக இருந்து, பல நாடுகளிலிருந்து வரும் புகார்களைத் திரட்டி ஆராயும் உப்சாலா கண்காணிப்பு மையமே இணையத்தில் பாடம் நடத்துகிறது. அந்தப் பாடத்தையும், காணொளியை ஓடவிட்டுவிட்டுப் பத்துக் கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை தட்டி வாங்கும் தாளையும் ஒரே தராசில் வைக்கலாமா?

பிப்பெட்:
எச்பிஎல்சியை மட்டும் எந்தத் தராசிலும் வைக்காதீர்கள். எங்கள் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதில் இரண்டு இணையச் சான்றிதழ் வைத்திருந்தார். முதல் வாரமே மொபைல் பேஸ் என்னும், கருவிக்குள் ஓடும் கரைப்பானிலிருந்து காற்றை நீக்காமல் பம்பில் கொடுத்துவிட்டார். அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. திரையில் அடிக்கோடு ரம்பப் பல்லைப்போல ஓடியது. அவரோ அரை மணி நேரமாக மென்பொருளில் எதையெதையோ மாற்றிக்கொண்டிருந்தார். நான் அறைக்குள் நுழையும்போதே பம்பின் ஓசை சரியில்லை என்று காதுக்குத் தெரிந்துவிட்டது. பர்ஜ் வால்வைத் திறந்து குமிழியை வெளியேற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், காற்றை ஏன் நீக்க வேண்டும் என்று கேட்டதற்கு அவர் மிக அழகாக விளக்கினார். என்னைவிட நன்றாகவே.

தாழ்வாரம்:
அவருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது, கைப்பழக்கம் இல்லை. கல்லூரியில் ஒரே ஒரு கருவி, அதைச் சுற்றி நாற்பது பேர், தொடுவதற்கு அனுமதி இல்லை. இது சான்றிதழின் குற்றமா?

பிப்பெட்:
குற்றம் யாருடையதாக இருந்தால் என்ன? "எச்பிஎல்சி இயக்கத் தெரியும்" என்று தன்விவரத்தில் எழுதியவர் அவர்தான்.

கள ஒருங்கிணைப்பாளர்:
ஜிசிபி விஷயத்தில் கல்வம் சொல்வது பாதி உண்மை. மருத்துவ ஆய்வில் வேலை செய்பவர் பயிற்சி பெற்றதற்கான சான்று கோப்பில் இருந்தாக வேண்டும். தணிக்கைக்கு வருபவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கும் தாள்களில் அதுவும் ஒன்று. ஆக, வேலைக்குள் நுழைந்த பிறகு அது அலங்காரம் இல்லை. ஆனால் தேதியைப் பாருங்கள். மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐசிஎச் அமைப்பின் இ6 என்னும் அந்த ஜிசிபி வழிகாட்டியின் இரண்டாம் திருத்தம் 2016இல் வந்தது. மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் இறுதியாயிற்று. இறுதியாண்டுத் தம்பி எந்தப் பதிப்பில் படித்தீர்கள்?

இறுதியாண்டு:
இரண்டாம் திருத்தம். 2023இல் வாங்கியது. மூன்றாவது வந்ததே எனக்கு இப்போதுதான் தெரியும்.

கல்வம்:
இப்படியே பேசிக்கொண்டிருந்தால் விடியாது. ஒரு கேஸ் தருகிறேன். நேர்காணலில் நான் கேட்கும் மாதிரிதான், நோயாளி கற்பனை.

58 வயதுப் பெண். யூரிக் அமிலம் அதிகம் என்று அலோபியூரினால் தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. சளித்தொற்றுக்காக அமாக்சிசிலின் கொடுக்கப்படுகிறது. மூன்றாம் நாள் உடல் முழுவதும் தடிப்பு, தூங்க முடியாத அளவுக்கு அரிப்பு. மருத்துவர் நேரில் பார்த்து "சிவியர் ராஷ்" என்று எழுதி, இரண்டு மருந்தையும் நிறுத்துகிறார். மருத்துவமனையில் சேர்க்கவில்லை. நான்கு நாளில் தடிப்பு அடங்கிவிட்டது. திரும்ப அந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கவில்லை. முன்பு அவர் இவற்றை எடுத்ததாகவும் குறிப்பு இல்லை.

இது சீரியஸா? விளைவுக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பிடும் நரான்ஹோ அளவுகோலில் அமாக்சிசிலினுக்கு எத்தனை மதிப்பெண்?

இறுதியாண்டு:
சிவியர் என்று மருத்துவரே எழுதியிருப்பதால் சீரியஸ். 15 நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். மதிப்பெண் 7, அதாவது "ப்ராபபிள்", பெரும்பாலும் இந்த மருந்துதான் காரணம். முன்பே பதிவான விளைவு என்பதற்கு 1, மருந்துக்குப் பின் வந்ததற்கு 2, நிறுத்தியதும் குறைந்ததற்கு 1, வேறு காரணம் இல்லை என்பதற்கு 2, மருத்துவர் நேரில் உறுதி செய்ததற்கு 1.

கல்வம்:
பார்மகோவிஜிலன்ஸில் உங்களிடம் எத்தனை சான்றிதழ்?

இறுதியாண்டு:
மூன்று.

ஓரமாய்நிற்பவன்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் விடை: சீரியஸ் இல்லை, மதிப்பெண் 4, "பாசிபிள்", அதாவது காரணமாக இருக்கலாம் என்ற அளவுதான்.

சிவியர் என்பது எவ்வளவு கடுமை என்பதைச் சொல்கிறது. சீரியஸ் என்பது அதனால் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்கிறது. மரணம், உயிராபத்து, மருத்துவமனையில் சேர்வது அல்லது அங்கே தங்குவது நீள்வது, நிலைத்த ஊனம், பிறவிக் குறைபாடு, இவற்றுக்கு இணையாக மருத்துவ முக்கியத்துவம் உள்ள ஒன்று, இவற்றில் ஏதாவது இருந்தால்தான் சீரியஸ். அரிப்பில் இரவெல்லாம் புரண்டாலும் இந்தப் பெண்ணுக்கு இவற்றில் எதுவும் நேரவில்லை. தமிழில் இரண்டையுமே "தீவிரம்" என்று சொல்லிப் பழகியதில் நானும் வெகுநாள் குழம்பியிருக்கிறேன். 1994இல் வந்த ஐசிஎச் இ2ஏ வழிகாட்டி சொல்லும் 15 நாள் கெடு, மருத்துவ ஆய்வில் நேரும் சீரியஸான, எதிர்பாராத விளைவுக்கு. அமாக்சிசிலினில் தடிப்பு எதிர்பார்த்ததுதான்.

மதிப்பெண்ணில் இறுதியாண்டு கோட்டைவிட்டது அலோபியூரினாலை. அதுவும் தடிப்பை உண்டாக்கும், இரண்டும் சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். ஆகவே "வேறு காரணம் உண்டா" என்ற கேள்விக்கு ஆம், கழித்தல் 1. மற்றவை இறுதியாண்டு போட்டபடியே. மருத்துவர் பார்த்ததைப் புறநிலைச் சான்றாக ஏற்காதவர்கள் 3 போடுவார்கள். 1 முதல் 4 வரை பாசிபிள் என்பதால் முடிவு மாறாது.

கல்வம்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். நீங்கள் எந்த நிறுவனத்தில்? எத்தனை ஆண்டு அனுபவம்?

ஓரமாய்நிற்பவன்:
நானும் மாணவன்தான் ஐயா, மூன்றாம் ஆண்டு. இலவச இணைய வகுப்பில் படித்தது. ஒரு சான்றிதழும் வாங்கவில்லை.

தாழ்வாரம்:
பார்த்தீர்களா! இணைய வகுப்பில் கற்றவர்தான் ஐயாவின் நேர்காணலில் தேறியிருக்கிறார். வீண் என்றீர்களே?

கல்வம்:
பார்த்தேன். தேறியவரிடம் சான்றிதழே இல்லை. நான் வீண் என்றது சான்றிதழைத்தான்.

தாழ்வாரம்:
தாளே இல்லாத இவருடைய விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்து சேருமா? முதல் சல்லடையில் உட்காருபவர் மனிதவளப் பிரிவுக்காரர். அவருக்கு நரான்ஹோவும் தெரியாது, அலோபியூரினாலும் தெரியாது. தன்விவரத்தில் "பார்மகோவிஜிலன்ஸ்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தச் சொல்லை இந்தப் பிள்ளை எதன் பெயரால் எழுதுவது? அறிவு உண்டு, அதைச் சொல்ல ஒரு வரி கிடையாது.

கல்வம்:
அந்த ஒரு வரிக்கு ஒன்று போதும். பதினொன்று எதற்கு?

தாழ்வாரம்:
முதல் பதிலில் "வீண்தான்" என்றீர்கள். இப்போது ஒன்றுக்கு வந்துவிட்டீர்கள். எனக்கு இதுவே நிறைவு.

கள ஒருங்கிணைப்பாளர்:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். ஓரமாய்நிற்பவரே, அதே மாதிரி வகுப்பில் இறுதியாண்டும் உட்கார்ந்தார். உங்களுக்கு ஒட்டியது அவருக்கு ஏன் ஒட்டவில்லை?

ஓரமாய்நிற்பவன்:
பாடம் முடிந்த கையோடு மருத்துவ இதழ்களில் வெளியாகியிருக்கும் கேஸ் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொள்வேன். ஆசிரியர்கள் போட்டிருக்கும் நரான்ஹோ மதிப்பெண்ணைப் பார்க்காமல் நானே போட்டு, பிறகு ஒப்பிடுவேன். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். முதல் பத்தில் ஏழு தவறு. பெரும்பாலும் இதே இடம்தான், நோயாளி கூடவே எடுத்துவந்த மற்ற மருந்தைக் கவனிக்காமல் விடுவேன். இதுவரை அறுபதுக்கு மேல் போட்டாயிற்று. சில இடங்களில் ஆசிரியர்களோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.

பிப்பெட்:
அந்த நோட்டுக்கும் பம்பின் ஓசைக்கும் ஏதோ உறவு இருக்கிறது.

கல்வம்:
தம்பி, அந்த நோட்டின் இரண்டு பக்கத்தைப் படமெடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். தவறு செய்த பக்கமும் இருக்கட்டும். எனக்கு வந்தால் நான் கூப்பிடுவேன். வகுப்பை முடித்ததற்கான அந்த ஒரு சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தின் வாயை அடைக்கத்தான் சொல்கிறேன்.

இறுதியாண்டு:
நேற்று இரவு உட்கார்ந்து மூன்று கேஸ் போட்டேன். இரண்டு தவறு. தன்விவரத்தில் பதினொன்றில் ஒன்பதை எடுத்துவிட்டேன். எச்பிஎல்சி முதலில் போயிற்று. ஜிசிபியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கள ஒருங்கிணைப்பாளர்:
எடுக்காதீர்கள். மூன்றாம் திருத்தத்தில் மறுபடி படித்துத் தேதியை மாற்றுங்கள்.

கல்வம்:
அது இருக்கட்டும். அந்த இரண்டு தவறு எவை? இங்கே எழுதுங்கள்.