குவாட்டர்பேக் மலிவாக இருக்கும்போதே அணியைக் கட்டுவது: கேப் இடத்தை எங்கே செலவழிப்பது?

டிராஃப்ட் மேசை:

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஜெனரல் மேனேஜர் போட்டி ஒன்றுக்காக ஒரு அணியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். விதிகள் எல்லாம் நிஜ லீக்கின் விதிகளே. சேலரி கேப் (ஓர் அணி ஓராண்டில் வீரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய உச்ச வரம்பு) 2025-க்கானது, 27.92 கோடி டாலர்.

கையில் இருப்பது இது: டிராஃப்டின் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் எடுத்த குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்), ஒரு சீசன் முடித்திருக்கிறார், நன்றாகவே ஆடினார். கேப்பில் 6 கோடி காலி. குவாட்டர்பேக்கைக் காக்கும் ஆஃபென்ஸிவ் லைனில் ரைட் டேக்கிள் (ஓரத்தில் நிற்பவர்), லெஃப்ட் கார்டு (உள்ளே நிற்பவர்) இரண்டு இடமும் ஓட்டை. 31 வயது எட்ஜ் ரஷர் (எதிரணி குவாட்டர்பேக்கைத் துரத்துபவர்) ஒருவர் இருக்கிறார். இந்த ஆண்டு அவருக்கு அடிப்படைச் சம்பளம் 2 கோடி, இதையும் சேர்த்து ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு பாக்கி. டிராஃப்டில் 20-ஆவது பிக் (தேர்வு உரிமை) என்னுடையது. இரண்டாம் சுற்று பிக் முன்பே கைமாறிவிட்டது.

20-ஐக் கொடுத்து ஒரு நட்சத்திர ரிசீவரை (வீசும் பந்தைப் பிடிப்பவரை) வாங்கலாமா? எட்ஜ் ரஷரின் ஒப்பந்தத்தை ரீஸ்ட்ரக்சர் (சம்பளத்தைப் போனஸாக்கிப் பின்னாண்டுகளுக்கும் பரப்புவது) செய்து இன்னும் கொஞ்சம் இடம் எடுக்கலாமா? அணிப் பட்டியலின் 53 பேரை இடவாரியாக எப்படிப் பிரிப்பது?

கேப் கணக்கன்:

முதலில் காலண்டரைப் பாருங்கள். ரூக்கி (புதுமுக வீரர்) ஒப்பந்தம் நான்கு ஆண்டு. மூன்றாவது சீசன் முடியும்வரை அதைத் திருத்தி எழுத லீக் விடாது. முதல் சுற்று வீரர் என்பதால் ஐந்தாம் ஆண்டு ஆப்ஷன் (ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டும் அணியின் உரிமை) உண்டு. மூன்றாம் சீசனுக்கு அடுத்த மே மாதத் தொடக்கத்துக்குள் அதை எடுத்தாக வேண்டும், எடுத்ததுமே தொகை முழுக்க கேரண்டி ஆகிவிடும். ஆள் தேறிவிட்டார் என்றால் அந்த நேரத்திலேயே அவருடைய ஏஜெண்ட் புது ஒப்பந்தம் கேட்டு வந்து நிற்பார். ஆக, கவலையில்லாமல் மலிவாகக் கிடைப்பது இரண்டு ஆண்டு, இழுத்துப் பிடித்தால் மூன்று. இப்போது வாங்கும் ஃப்ரீ ஏஜெண்டுகளின் (எந்த அணியோடும் ஒப்பந்தம் இல்லாதவர்களின்) ஒப்பந்தமும் அந்த அளவுக்குள் முடிய வேண்டும். 2013-இல் சீஹாக்ஸ் செய்தது இதைத்தான். குவாட்டர்பேக் ரஸல் வில்சன் மூன்றாம் சுற்றுச் சம்பளத்தில் இருந்தபோது மைக்கேல் பென்னட்டை ஓராண்டுக்கும் கிளிஃப் அவ்ரிலை ஈராண்டுக்கும் எடுத்தார்கள். அந்த சீசனிலேயே சூப்பர் பவுல் (லீக்கின் இறுதிப்போட்டி) வெற்றி வந்தது.

அடுத்து, உங்கள் 6 கோடி நிஜத்தில் 6 கோடி இல்லை. சீசன் தொடங்கும் முன்வரை, சம்பளத்தில் முதல் 51 பேர் மட்டுமே கேப்பில் எண்ணப்படுவார்கள். செப்டம்பரில் 53 பேர், காயப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள், பிராக்டிஸ் ஸ்குவாட் (53-க்கு வெளியே பயிற்சிக்கு வைத்திருக்கும் வீரர்கள்) என்று எல்லாமே உள்ளே வந்துவிடும். பிராக்டிஸ் ஸ்குவாடில் 16 பேர், 2025-இல் வாரத்துக்குக் குறைந்தது 13,000 டாலர், 18 வாரம்: அதுவே 37 லட்சத்தைத் தாண்டும். இதோடு டிராஃப்ட் வீரர்களின் சம்பளம், நவம்பரில் காயமானவர்களுக்குப் பதிலாக எடுக்க வேண்டிய ஆட்கள். 1 கோடியை ஒதுக்கிவிட்டு, கையில் 5 கோடிதான் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த ஆண்டுக்கு அப்படியே கொண்டுபோகலாம், வீணாகாது.

இப்போது ரீஸ்ட்ரக்சர். 2 கோடியில் 15 லட்சத்தை அடிப்படைச் சம்பளமாக விட்டுவிட்டு 1.85 கோடியை போனஸாக மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். போனஸை அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்குப் பரப்பலாம். ஒப்பந்தத்தில் இரண்டே ஆண்டு இருப்பதால் மூன்று வாய்ட் ஆண்டுகளை (கணக்குக்கு மட்டும் இருக்கும், அவர் ஆடாத ஆண்டுகளை) சேர்க்க வேண்டிவரும். ஆண்டுக்கு 37 லட்சம். இந்தச் சம்பளத்துக்காக இந்த ஆண்டு கேப்பில் விழுவது 2 கோடிக்குப் பதில் 52 லட்சம், 1.48 கோடி மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாம் ஆண்டு முடிந்து அவர் போனதும், மீதி மூன்று ஆண்டுக்கான 1.11 கோடி மொத்தமாக அடுத்த ஆண்டின் கேப்பில் டெட் மணியாக வந்து விழும். குவாட்டர்பேக்குக்குப் பெரிய காசோலை எழுதப்போகும் அதே சமயத்தில், அணியில் இல்லாத ஒருவருக்காக. அவர் 32 வயதில் சரிந்து, நடுவிலேயே விடுவிக்க வேண்டிவந்தால் இன்னும் மோசம்.

இடம் வேண்டுமென்றால் 25, 26 வயதில், இன்னும் மூன்று நான்கு ஆண்டு கட்டாயம் வைத்திருக்கப்போகிற வீரரின் ஒப்பந்தத்தை மாற்றுங்கள். வயதானவரின் எதிர்காலத்தை அடகு வைக்காதீர்கள்.

இன்னொன்று. ஜூன் 1-க்குப் பிந்தைய விடுவிப்பு என்று இரண்டு பேரை மார்ச்சிலேயே குறிக்கலாம். டெட் மணி இரண்டு ஆண்டாகப் பிரியும். ஆனால் மிச்சமாகும் பணம் ஜூன் தொடங்கிய பிறகுதான் கைக்கு வரும். மார்ச் ஃப்ரீ ஏஜென்சிக்கு அது உதவாது. இந்தப் போட்டிகளில் பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ட்ரெஞ்ச் வாசி:

ரிசீவர் கேள்விக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் லைன்.

2021 பிப்ரவரி சூப்பர் பவுலில் சீஃப்ஸின் இரண்டு டேக்கிள்களும் காயத்தில் வெளியே. பந்தைப் பிடிக்க டைரீக் ஹில், டிராவிஸ் கெல்ஸி என எல்லா ஆயுதமும் இருந்தும் குவாட்டர்பேக் மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிருக்கு ஓடிக்கொண்டிருந்தார்; ஒரு டச்டவுன்கூட வரவில்லை. அடுத்த சில வாரங்களில் அவர்கள் செய்ததைத்தான் பாடமாகப் படிக்க வேண்டும். லெஃப்ட் கார்டுக்கு ஜோ துனியைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கினார்கள். லெஃப்ட் டேக்கிளுக்கு ஆர்லாண்டோ பிரவுனை டிரேடில் எடுத்தார்கள். சென்டர் கிரீட் ஹம்ப்ரி இரண்டாம் சுற்று, ரைட் கார்டு டிரே ஸ்மித் ஆறாம் சுற்று. மூன்று வழியையும் ஒரே வசந்தத்தில் பயன்படுத்திவிட்டார்கள். 2023 பிப்ரவரியில், அந்த சீசன் முழுக்கச் சாக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) குவித்த ஈகிள்ஸுக்கு எதிரான சூப்பர் பவுலில் மஹோம்ஸ் ஒரு சாக்கூட வாங்கவில்லை.

உங்களுக்கு இரண்டு ஓட்டை. கார்டைச் சந்தையில் வாங்குங்கள், டேக்கிளை டிராஃப்டில் எடுங்கள். காரணம் எளிது: நல்ல டேக்கிளை அணிகள் சந்தைக்கு விடுவதே இல்லை, வெளியே வருகிறார் என்றால் வயது, முழங்கால், அல்லது விலை, மூன்றில் ஒன்று இடிக்கும். கார்டுகள் வெளியே வருவார்கள்.

வாங்குவதோடு நின்றுவிடவும் கூடாது. 2021 சீசனில் பெங்கால்ஸின் ஜோ பரோ 51 சாக் வாங்கினார், லீக்கிலேயே அதிகம். 2022 மார்ச்சில் கராஸ், கப்பா, காலின்ஸ் என்று மூன்று பேரை எடுத்து லைனைச் சரிசெய்தார்கள். சீசன் கடைசியில் காலின்ஸ், கப்பா, ஜோனா வில்லியம்ஸ் மூவரும் அடுத்தடுத்து காயம். ஏஎஃப்சி (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதியில் மூன்று மாற்று ஆட்களோடு இறங்கித் தோற்றார்கள். ஆறாவது, ஏழாவது லைன்மேனை யாரும் பேசுவதில்லை, ஆனால் ஜனவரியில் ஆடுவது அவர்கள்தான். ஆறாவது ஆள் இரு பக்க டேக்கிளும் ஆடக்கூடிய ஸ்விங் டேக்கிளாக இருக்கட்டும். ஏழாவது ஆள் சென்டரும் கார்டும் ஆட வேண்டும், ஸ்நாப் (ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுப்பது) போடத் தெரியாதவரை அந்த இடத்தில் வைக்காதீர்கள்.

53 பிரிப்பு, என் கணக்கில்: குவாட்டர்பேக் 2, ரன்னிங் பேக் 4 (ஃபுல்பேக் உட்பட), ரிசீவர் 6, டைட் எண்ட் 3, லைன் 9. தடுப்பில் எட்ஜ் 5, உள் லைன் 5, லைன்பேக்கர் 5, கார்னரும் சேஃப்டியும் (பின்வரிசைத் தடுப்பாளர்கள்) சேர்த்து 10. கிக்கர், பண்டர், லாங் ஸ்நாப்பர் 3. மொத்தம் 52. மீதி ஒரு இடம் பத்தாவது லைன்மேனுக்கு. ஆட்ட நாளில் 48 பேரை இறக்க வேண்டுமானால் அதில் எட்டுப் பேர் ஆஃபென்ஸிவ் லைன்மேனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 47-தான். ஒன்பது பேரை மட்டும் வைத்து இரண்டு பேர் காயமானால் அந்த 48-ஆவது இடமும் போச்சு.

ஆறாவது ரிசீவர், நான்காவது சேஃப்டி, ஐந்தாவது லைன்பேக்கர் மூவரையும் ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும் ஆட்டங்களில் இறங்கும் குழு) பார்த்தே தேர்ந்தெடுங்கள். பண்ட் கவரேஜ் ஆடாத ஆறாவது ரிசீவர் ஞாயிறன்று ஜெர்சியே போட மாட்டார்.

ஏழாம் சுற்று:

ட்ரெஞ்ச் வாசி சொன்னதில் வரிசை சரி. ஆனா ரிசீவரே வேண்டாம்னு முடிக்கிறது எனக்கு ஒப்பல. 2022 டிராஃப்ட் இரவில் ஈகிள்ஸ் 18-ஆவது பிக்கையும் 101-ஐயும் டைட்டன்ஸுக்குக் கொடுத்து ரிசீவர் ஏ.ஜே. பிரவுனை எடுத்தாங்க. குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் அப்போ இரண்டாம் சுற்று ஒப்பந்தத்துல மூன்றாவது ஆண்டு. அந்த சீசன் சூப்பர் பவுல் வரைக்கும் போனாங்க. வேறுபாடு என்னன்னா, ஜேசன் கெல்சி, லேன் ஜான்சன், மைலாட்டான்னு லைன் ஏற்கனவே நின்னுகிட்டிருந்தது. உங்ககிட்ட அது இல்ல.

விலையையும் முழுசா பாருங்க ப்ரோ. டிரேடுக்கு விலை பிக் மட்டும் கிடையாது. பிரவுனுக்கு அன்னைக்கே நான்கு ஆண்டு, 10 கோடி டாலர் ஒப்பந்தம். 20-ஆவது பிக்ல எடுக்குற ரிசீவருக்கு நான்கு ஆண்டும் சேர்த்தே 2 கோடிக்குள்ள முடிஞ்சிடும். ஆண்டுக்கு 2 கோடி வித்தியாசம். உங்க ரெண்டு ஓட்டையில ஒண்ணை அடைக்கிற காசு அது.

நான் உங்க இடத்துல இருந்தா 20-லிருந்து கீழே இறங்குவேன், அதாவது அதைக் கொடுத்துப் பின்னாடி வர்ற பிக்குகளை வாங்குவேன். கௌபாய்ஸுக்காகப் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்துல போட்ட பழைய பிக் மதிப்பு அட்டவணைப்படி 20-க்கு 850 புள்ளி. 33-க்கு 580, 64-க்கு 270. கூட்டிப் பாருங்க, சரியா 850. அதாவது ஒரு பிக்குக்கு இரண்டாம் சுற்றின் தலையும் வாலும். உங்ககிட்ட இரண்டாம் சுற்றே இல்லாத குறையும் தீரும். மாஸி, தேலர்னு இரண்டு பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வும் இதையேதான் சொல்லுது: உச்சிப் பிக்குகளுக்கு அணிகள் அதிக விலை கொடுக்குறாங்க, சம்பளத்தைக் கழிச்சுப் பார்த்தா இரண்டாம் சுற்றுப் பக்கம்தான் லாபம் அதிகம். இழப்பு ஒண்ணு உண்டு. ஐந்தாம் ஆண்டு ஆப்ஷன் முதல் சுற்றுக்கு மட்டும்தான். அதனால 20-ல உங்க பட்டியலின் முதல் டேக்கிள் இன்னும் மிச்சமிருந்தா இறங்காதீங்க, எடுத்துடுங்க. டேக்கிளுக்கு அந்த ஐந்தாம் ஆண்டு பெருசு.

இன்னொரு கணக்கு, காம்பென்சேட்டரி பிக். ஒப்பந்தம் முடிஞ்சு போன உங்க ஆட்களையும் நீங்க வாங்கின ஆட்களையும் லீக் ஒண்ணுக்கு ஒண்ணு கழிக்கும். நிகர நஷ்டத்துக்கு அடுத்த டிராஃப்ட்ல மூன்று முதல் ஏழாம் சுற்று முடிவுகள்ல பிக் கிடைக்கும், ஒரு அணிக்கு அதிகபட்சம் நான்கு. வேற அணி விடுவிச்ச வீரரை எடுத்தா இந்தக் கழிப்புல வராது. அதனால அந்தக் கார்டை, ஒப்பந்தம் முடிஞ்சவர்கள்ல தேடுறதுக்கு முன்னாடி கேப்புக்காக மார்ச்ல விடுவிக்கப்பட்டவர்கள்ல தேடுங்க. டிராஃப்ட் முடிஞ்ச அடுத்த திங்களுக்கு அப்புறம் எடுக்குறவங்களும் கணக்குல வரமாட்டாங்க. மூன்றாவது கார்னர், மாற்று டைட் எண்ட் எல்லாத்தையும் அதுவரை தள்ளிப்போடலாம்.

டிராஃப்ட் மேசை:

நன்றி. ரீஸ்ட்ரக்சரை விட்டுவிடுகிறேன். 20-இல் டேக்கிள், கிடைக்காவிட்டால் கீழே இறங்குவது. ஆகஸ்டில் 90-லிருந்து 53-க்கு இறக்குவதில் சந்தேகம்: காயப்பட்ட கார்னர் ஒருவர் அக்டோபரில்தான் திரும்புவார். அவரை எங்கே வைப்பது? இளம் வீரர்களை பிராக்டிஸ் ஸ்குவாடுக்கு அனுப்பினால் பறிபோவார்களா?

கட்டவுன் கடிகாரம்:

அக்டோபர் என்றால் காயப்பட்டோர் பட்டியல்தான். அதில் போனவர் குறைந்தது நான்கு ஆட்டம் வெளியே இருக்க வேண்டும். ஒரு சீசனில் எட்டுப் பேரைத் திரும்ப அழைக்கலாம். முன்பெல்லாம் 53-இல் ஒரு நாள் வைத்துவிட்டுத்தான் பட்டியலுக்கு மாற்ற முடியும், இல்லையென்றால் சீசன் முழுக்க ஆள் கிடையாது. 2024 முதல் கட்டவுன் (53-ஆகக் குறைக்கும் நாள்) அன்றைக்கே இரண்டு பேரைத் திரும்பும் உரிமையோடு நேராக அனுப்பலாம். அவர்களும் அந்த எட்டுக்குள்தான் வருவார்கள். மூன்றாவதாக ஒருவர் இருந்தால் பழைய வழிதான்: நான்கு சீசனோ அதற்கு மேலோ கணக்கில் உள்ள மூத்த வீரர் ஒருவரோடு பேசிவைத்து ஒரு நாளுக்கு விடுவிப்பார்கள். அவர் வேய்வரில் (விடுவித்தவரை மற்ற அணிகள் முறைப்படி கேட்டு எடுக்கும் பட்டியல்) போகாமல் நேரடியாக ஃப்ரீ ஏஜெண்ட் ஆகிவிடுவதால் யாரும் கொத்திக்கொண்டு போக முடியாது. மறுநாள் காயப்பட்டவர் பட்டியலுக்குப் போனதும் இவர் திரும்பக் கையெழுத்திடுவார். வேறு அணி அன்றிரவே கூடுதலாகக் கொடுத்தால் அவர் போகலாம், வாய்வார்த்தைக்குச் சட்டபலம் இல்லை. டிரேடு கெடு முடிந்த பிறகு மூத்தவர்களும் வேய்வர் வழியாகத்தான் போக வேண்டும், அப்போது இந்த வித்தை செல்லாது.

இளம் வீரர்கள் வேய்வரில் 24 மணி நேரம் கிடப்பார்கள். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கே முதல் உரிமை. கார்னர், எட்ஜ், ஆஃபென்ஸிவ் டேக்கிள் இந்த மூன்றிலும் உயரமும் வேகமும் உள்ள பையனை விட்டால் திரும்பக் கிடைப்பார் என்று நம்ப வேண்டாம். ரன்னிங் பேக்கும் உள் லைன்பேக்கரும் பெரும்பாலும் தப்பி வந்துவிடுவார்கள். அதனால் கடைசி இரண்டு இடத்துக்குப் போட்டி வந்தால், இன்றைக்கு யார் கொஞ்சம் மேல் என்று பார்க்காமல், யாரை விட்டால் திரும்ப எடுக்க முடியாது என்று பாருங்கள்.

பிராக்டிஸ் ஸ்குவாடில் உள்ளவரை வேறு அணி தன் 53-க்கு மட்டுமே எடுக்க முடியும், எடுத்தால் மூன்று ஆட்டத்துக்காவது அந்த இடத்தை அவருக்கு ஒதுக்க வேண்டும். ஆட்டத்துக்கு இரண்டு பேரை மேலே ஏற்றலாம், ஒருவரை மூன்று முறை மட்டும். நான்காவது முறைக்கு 53-இல் சேர்த்தாக வேண்டும்.

பணத்துக்கு ஒரு குறிப்பு: முதல் வார ஆட்டத்தில் ரோஸ்டரில் இருக்கும் மூத்த வீரரை அதன்பின் விடுவித்தால், சீசனின் மீதி அடிப்படைச் சம்பளத்தை அவர் கேட்டு வாங்கலாம். நான்காவது எட்ஜ், மாற்று சேஃப்டி மாதிரி நிச்சயமில்லாத மூத்தவர்களை இரண்டாம் வாரத்தில் சேருங்கள்.