பேக்கப் ஓடினால் டேட்டாபேஸின் கேஷ் காலி: டோன்ட்நீட் கொடுத்தும் பலனில்லை

கேள்வி:
லினக்ஸ் 5.15, ரேம் 16 ஜிபி. சி-யில் எழுதிய பேக்கப் நிரல் இரவில் 200 ஜிபி டேட்டாபேஸ் கோப்புகளை வாசித்து இன்னொரு டிஸ்க்கில் எழுதுகிறது. காலையில் குவெரிகள் அரை மணி நேரம் இழுக்கின்றன. கோப்பைத் திறந்ததுமே எஃப்அட்வைஸில் (கோப்பை எப்படிப் பயன்படுத்துவோம் என்று கர்னலுக்குச் சொல்லும் அழைப்பு) டோன்ட்நீட் கொடுக்கிறேன். ஆஃப்செட் 0, நீளம் 0, அதாவது முழுக் கோப்புக்கும். பிழை வரவில்லை. ஆனாலும் கேஷ் (கோப்புகளின் தரவைக் கர்னல் ரேமில் வைத்திருக்கும் பகுதி) ஏறிக்கொண்டே போகிறது. ஏன்?

பதில் 1:
டோன்ட்நீட்டுக்கு "இனி வைக்காதே" என்று பொருள் இல்லை. "இந்த நொடி கேஷில் இருப்பதை விடு", அவ்வளவுதான். அதன்பின் வாசிப்பதெல்லாம் வழக்கம்போல் ஏறும். 8 எம்பி வாசித்து முடித்ததும் அந்த 8 எம்பிக்கு மட்டும் கொடுங்கள். எல்லைகள் 4096 பைட்டின் (கேஷின் அலகான ஒரு பேஜின் அளவு) மடங்காக இருக்கட்டும். ஓரத்தில் நிற்கும் அரை பேஜ் விடப்படாது.

"பிழை வரவில்லை" என்பதையும் ஒருமுறை பாருங்கள். இந்த அழைப்பு -1 தந்து எர்னோவை (பிழை எண் வைக்கப்படும் மாறி) நிரப்பாது, பிழை எண்ணையே திருப்பித் தரும். பூஜ்ஜியத்துக்குக் கீழா என்று சோதித்தால் எந்தப் பிழையும் சிக்காது.

கேட்டவர்:
சோதனை அப்படித்தான் இருந்தது, திருத்திவிட்டேன். வாசிக்கும் பக்கம் கேஷ் இறங்கிவிட்டது. எழுதும் கோப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

பதில் 2:
அவை டர்ட்டி பேஜ்கள், அதாவது எழுதப்பட்டும் இன்னும் டிஸ்க்குக்குப் போகாதவை. அவற்றைக் கர்னல் விடாது. துண்டுக்குத் துண்டு எஃப்டேட்டாசிங்க் (தரவு டிஸ்க்குக்குப் போகும்வரை காத்திருக்கும் அழைப்பு) போட்டால் வேகம் படுத்துவிடும். பதிலாக, கோப்பின் ஒரு பகுதியை மட்டும் டிஸ்க்குக்கு அனுப்பும் சிங்க் ஃபைல் ரேஞ்ச்: ஒரு துண்டு எழுதியதும் அதற்கு எழுத்தைத் தொடங்கச் சொல்லுங்கள், அடுத்த துண்டை எழுதியபின் முந்தையது முடியும்வரை காத்திருந்து, அதற்கு டோன்ட்நீட். ஆனால் இது மெட்டாடேட்டாவை (கோப்பின் அளவு போன்ற விவரங்கள்) எழுதாது, டிஸ்க்கின் உள் கேஷையும் காலி செய்யாது. கடைசியில் ஒரு எஃப்சிங்க் கட்டாயம்.

பதில் 1:
காலைத் தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பேஜ் கேஷ் கோப்புக்குச் சொந்தம், புராசஸுக்கு அல்ல. திறந்ததும் 0, 0 கொடுத்தபோது டேட்டாபேஸ் புழங்கிக்கொண்டிருந்த பேஜ்களைத்தான் நீங்கள் துரத்தினீர்கள். இப்போது அதையே 8 எம்பி கணக்கில் செய்கிறீர்கள்!

வாசிக்கும் முன் அந்தத் துண்டை எம்மேப் செய்து (நினைவக முகவரியோடு இணைத்து), தொடாமல், எந்தப் பேஜ்கள் கேஷில் உள்ளன என்று மின்கோரில் கேளுங்கள். ஏற்கெனவே கேஷில் இருந்தவற்றை அப்படியே இருக்கவிட்டு, நீங்கள் ஏற்றியவற்றுக்கு மட்டும் டோன்ட்நீட். கோப்புக்கு உரிமையோ எழுதும் அனுமதியோ இல்லாத பயனராக ஓட்டினால், 5.2 முதல் மின்கோர் எல்லாமே கேஷில் இருப்பதாகச் சொல்லும்; அப்போது எதையும் விடமாட்டீர்கள்.

பதில் 3:
கர்னலை 6.3-க்கோ அதற்கு மேலோ ஏற்ற முடிந்தால், எஃப்அட்வைஸின் இன்னொரு குறிப்பான நோரீயூஸ் போதும்: அந்தத் திறப்பு வழியாக வாசிப்பது, பேஜைப் பயன்படுத்தியதாகக் கணக்கில் ஏறாது. உங்கள் 5.15-இல் அது ஏற்கப்படும், ஆனால் ஒன்றும் செய்யாது.

எல்விஎம் ஸ்னாப்ஷாட்டை (டிஸ்க் பகுதியின் அந்த நொடி நிலையைக் காட்டும் நகல்) தனியாக மவுண்ட் செய்து வாசித்தால் மின்கோர் வேலையே வேண்டாம். அங்கே ஐநோடு (கோப்பைக் கர்னல் அடையாளம் காணும் பதிவு) வேறு, கேஷும் வேறு. தாராளமாக டோன்ட்நீட் கொடுக்கலாம். ஓடும் டேட்டாபேஸின் கோப்பை நேராகக் காப்பி எடுப்பதைவிட அதுதான் முறையும்கூட. எவ்வளவு கேஷில் நிற்கிறது என்பதைக் கோப்புவாரியாக ஃபின்கோர் கட்டளையில் பாருங்கள். ஃப்ரீ கட்டளை காட்டுவது மொத்தக் கணக்குதான்.