புதுப்பிப்பு: குக்கீ பிரஸ் மாவு இப்போது தட்டில் ஒட்டுகிறது

குக்கீ பிரஸ்ஸை (குழலில் நிரப்பிய பிஸ்கட் மாவை அச்சு வழியாகப் பூ போன்ற வடிவங்களில் பிழியும் கருவி) அழுத்தினால் மாவு பேக்கிங் தட்டில் ஒட்டாமல் அச்சோடு மேலே வந்துவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது! பிரஸ்ஸில் கோளாறு இல்லை, விஷயம் தட்டில்தான். எண்ணெய் தடவினாலோ பட்டர் பேப்பர் விரித்தாலோ மாவுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. வெறும் உலோகத் தட்டு போதும், ஆனால் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் வெண்ணெய் இளகி வடிவம் கலைந்துவிடும். பிரஸ்ஸைத் தட்டில் படும்படி செங்குத்தாக வைத்து அழுத்தி, ஒரு நொடி பொறுத்து நேராகத் தூக்குங்கள். பூவின் இதழ்கள் தனித்தனியாக விழுகின்றன, அவ்வளவு அழகு!

மாவை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னவர்களுக்கு: இறுகிய மாவு அச்சுத் துளையில் இறங்கவே இறங்காது. வெண்ணெய் விரல் பதியும் பதத்தில் இருக்கட்டும். குழலுக்குள் காற்று இருப்பதால் முதலில் விழுவது கோணலாக வரலாம். அதை எடுத்து மறுபடி உள்ளே போட்டுவிடலாம்.