நாலு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது: பேட்டரியா, ஆல்டர்னேட்டரா, வேறெங்காவது கரண்ட் கசிகிறதா?

பின்சக்கரம்:

வணக்கம். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 45 ஆம்பியர் அவர் (Ah) பேட்டரி. பேட்டரி மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தினமும் ஓட்டினால் ஒரு தொந்தரவும் கிடையாது, முதல் செல்ஃபிலேயே எடுத்துவிடும். மூன்று நான்கு நாள் சேர்ந்தாற்போல் நின்றுவிட்டால்தான் பிரச்சினை. சாவியைத் திருப்பினால் 'டகடகடக' என்று வேகமாகச் சத்தம் வருகிறது, டாஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைகின்றன. அந்த நேரத்தில் பேட்டரியில் 11.7 வோல்ட்தான் இருக்கிறது. வேறு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது.

கம்பெனி கொடுத்ததற்கு மேல் சேர்த்தவை இரண்டு: வெளியில் வாங்கிய ஸ்டீரியோ, லைட்டர் சாக்கெட்டில் செருகிய டாஷ்கேம். ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியை மறுபடி மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் வீட்டிலேயே எதை எதை, எந்த வரிசையில் பார்க்கலாம்? சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 மி.மீ. ஸ்பேனர், சின்ன பேட்டரி சார்ஜர் இருக்கின்றன.

கியர்ப்பெட்டி:

சத்தத்திலேயே பாதி விடை இருக்கிறது. வேகமாக 'டகடக' என்றால் ஸ்டார்ட்டரின் சொலனாய்டு (மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, உடனே வோல்ட் விழுந்து விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். விளக்கு பிரகாசமாக எரியும்போதே ஒரே ஒரு 'டக்' கேட்டு நின்றுவிட்டால் சந்தேகம் ஸ்டார்ட்டர் மோட்டார் மேலோ தடித்த கேபிள் மேலோ போகும். உங்களுடையது முதல் வகை.

முதலில் டெர்மினல். கேபிள் முனையில் உள்ள கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள், துளி அசைந்தாலும் அது குறைதான். வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கழற்றும்போது முதலில் நெகடிவ், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். பாசிடிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் உரசிய கணத்தில் நேரடி ஷார்ட். ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு உப்பு போய்விடும். அந்தத் தண்ணீர் பேட்டரியின் மூடிகள் வழியாக உள்ளே இறங்கக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துடைத்துக் காயவைத்து, ஈயம் பளபளக்கும்வரை கம்பி பிரஷ் போட்டு, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

பிறகு பேட்டரியைச் சார்ஜரில் முழுதாக ஏற்றிவிட்டு நான்கு அளவு எடுங்கள். ஏற்றாமல் எடுக்கும் அளவு எதையும் சொல்லாது.

சார்ஜரைக் கழற்றி ஒரு இரவு விட்ட பின் டெர்மினலில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. சார்ஜரை எடுத்தவுடன் அளந்தால் மேலோட்டமான சார்ஜ் 13க்கு மேல் காட்டி ஏமாற்றும். அவசரமென்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சில நிமிடம் பொறுத்து அளக்கலாம்.

அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். வோல்ட் 9.6க்குக் கீழே விழக் கூடாது. 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 8க்குப் போனால் அது உள்ளே செத்துவிட்டது.

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டாலும் 13.5க்குக் கீழே இறங்கக் கூடாது. புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே வோல்ட்டை ஏற்றி இறக்கும், அவற்றில் சிறிது நேரம் 12.8 காட்டினால் பதற வேண்டாம்.

கடைசியாக, செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முளையிலும் (கிளாம்பில் அல்ல, அது பிடித்திருக்கும் ஈய முளையில்) இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் அரித்திருக்கிறது. நல்ல பேட்டரியையும் இந்தக் கேபிள் கெட்டதாகக் காட்டிவிடும், ஆனால் பலரும் இதை அளப்பதில்லை.

மில்லிவோல்ட்:

கியர்ப்பெட்டி சொன்ன நான்கும் தேறிவிட்டால் மிச்சம் ஒன்றுதான்: வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்ட் குடிக்கிறது. தினமும் ஓட்டினால் தெரியாது, நாலு நாள் நின்றால் தெரியும் என்பது அதற்கே உரிய அடையாளம்.

எல்லா வண்டியும் கொஞ்சம் குடிக்கும். அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்த்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. 50 என்றாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர்தான் போகும், உங்கள் பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும். 300 என்றால் ஒரு நாளில் 7.2, நாலு நாளில் ஏறக்குறைய 29. நாற்பத்தைந்தில் 29 போனால் செல்ஃப் எடுக்காது.

அளக்கும் முறை. எல்லாவற்றையும் அணையுங்கள், சாவியை எடுங்கள். ஃபியூஸ் பெட்டி உள்ளே இருந்தால் அந்தப் பக்கக் கதவு திறந்தே இருக்க வேண்டும், ஆனால் கதவு மூடியதாக வண்டி நினைக்க வேண்டும். கதவின் ஓரத்தில் இருக்கும் லாட்ச்சை ஸ்க்ரூடிரைவரால் மூடும் திசையில் இரண்டு 'க்ளிக்' கேட்கும்வரை தள்ளுங்கள். பானட் சுவிட்ச் இருந்தால் அதையும் அழுத்திக் கட்டுங்கள். பிறகு ரிமோட்டில் பூட்டி, சாவியை வீட்டுக்குள் தூரமாக வைத்துவிடுங்கள். கீலெஸ் சாவி பக்கத்திலேயே இருந்தால் சில வண்டிகளின் கம்ப்யூட்டர்கள் தூங்கவே தூங்காது. வேலை முடிந்ததும் கதவுக் கைப்பிடியை இழுத்து லாட்ச்சை விடுவித்த பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். மறந்து சாத்தினால் லாட்ச் கம்பியில் மோதி வளையும்.

மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, குமிழை டிசி (நேர்மின்னோட்ட) ஆம்பியருக்குத் திருப்புங்கள். நெகடிவ் கிளாம்பைத் தளர்த்தி, ஒரு முனையைக் கிளாம்பிலும் இன்னொன்றை முளையிலும் அழுத்திப் பிடித்தபடியே கிளாம்பை மெல்ல மேலே தூக்குங்கள். தொடர்பு ஒரு கணம்கூட அறுபடாமல் இருந்தால் கம்ப்யூட்டர்கள் விழிக்காது. விழித்துவிட்டால் மறுபடி காத்திருக்க வேண்டியதுதான். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது எக்காரணம் கொண்டும் சாவியைப் போடாதீர்கள், செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்டார்ட்டர் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டரின் ஃபியூஸ் அந்தக் கணமே போய்விடும்.

முதலில் ஓரிரண்டு ஆம்பியர்கூடக் காட்டும். அது குறையல்ல. 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை விடுங்கள், படிப்படியாக இறங்கும். இறங்கி நிற்கும் எண்தான் உங்களுக்கு வேண்டியது.

50க்கு மேல் நின்றால், எந்தச் சர்க்யூட் என்று தேட வேண்டும். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழி. அதில் ஒரு சிக்கல் உண்டு: ஃபியூஸை மறுபடி செருகும்போது அந்தச் சர்க்யூட் விழித்து எண் குதிக்கும், எது கசிவு, எது விழிப்பு என்று குழம்பிவிடும். அதனால் கிளாம்பை மாட்டிவிட்டு வண்டியை மறுபடி தூங்கவிடுங்கள். சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றி, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஃபியூஸைக் கழற்றாமலே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் முனைகளை வையுங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸ் 0.0 காட்டும். ஓடினால் சின்ன எண் வரும். 10 ஆம்பியர் ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் என்றால் ஏறத்தாழ 130 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. 15, 20 ஆம்பியர் ஃபியூஸுக்குத் தடை குறைவு என்பதால் அதே மில்லிவோல்ட்டுக்கு இன்னும் அதிகக் கரண்ட்.

டாஷ்கேமைப் பற்றி: சில வண்டிகளில் லைட்டர் சாக்கெட் சாவியை எடுத்தாலும் உயிரோடு இருக்கும். பூட்டிய பிறகும் கேமரா விளக்கு எரிகிறதா என்று கண்ணாடி வழியாகப் பாருங்கள், இதற்கு மீட்டரே வேண்டாம்.

எர்த்வயர்:

ஒரு சேர்க்கை. எல்லா ஃபியூஸும் 0.0 காட்டியும் மொத்தக் கசிவு குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். அதன் தடித்த வயர் உள் ஃபியூஸ் பெட்டி வழியாகப் போவதில்லை. உள்ளே ஒரு டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) கசிந்தால் இரவு முழுக்கப் பின்னோக்கிக் கரண்ட் ஓடும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதன் உடம்பைத் தொட்டுப் பாருங்கள், பக்கத்து இரும்பைவிட வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான். எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி (மாறுமின்னோட்ட) வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் அளக்கலாம்: 0.1க்குள் இருந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் டயோடு போய்விட்டது.

பின்சக்கரம்:

நன்றி. டெர்மினல் சுத்தம் செய்து, முழுச் சார்ஜ் ஏற்றி எல்லாம் அளந்தேன். ஓய்வில் 12.62, செல்ஃபில் 10.4, ஓடும்போது 14.2, எல்லா விளக்கும் போட்டால் 13.9. ஏசி வோல்ட் 0.03. எர்த் கேபிள் 0.08. கசிவு முக்கால் மணி நேரம் கழித்தும் 340 மில்லி ஆம்பியரில் நிற்கிறது. ஃபியூஸ்களில் ஒன்று மட்டும் 2.3 மில்லிவோல்ட் காட்டுகிறது, 10 ஆம்பியர் ஃபியூஸ். அதைப் பிடுங்கினால் மொத்தம் 30க்கு இறங்குகிறது. மூடியில் உள்ள படத்தின்படி ஸ்டீரியோ, கூரை விளக்கு, டிக்கி விளக்கு மூன்றும் அதில்தான். டாஷ்கேம் சாவியோடு அணைந்துவிடுகிறது.

மில்லிவோல்ட்:

அருமையான அளவுகள். பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் மூன்றும் நிரபராதி. இந்தப் பேட்டரியை மாற்றினால் புதியதும் நாலு நாளில் படுத்துவிடும்.

340இல் 30 போனால் 310. டிக்கி விளக்கு வழக்கமாக 5 வாட் பல்பு, எரிந்துகொண்டிருந்தால் 400க்குப் பக்கத்தில் குடிக்கும். 310 அதற்குக் கொஞ்சம் குறைவு, அதனால் என் சந்தேகம் ஸ்டீரியோ மேல். ஆனாலும் விளக்கை ஒதுக்கிவிடுவது சுலபம்: கைபேசியில் வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடுங்கள், பிறகு எடுத்துப் பார்த்தால் மூடியதும் இருட்டானதா என்று தெரிந்துவிடும்.

இருட்டாகிவிட்டால் ஸ்டீரியோவை வெளியே இழுத்து அதன் பின்பக்க வயர்களைப் பாருங்கள். வெளியில் வாங்கும் செட்களில் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட் வாங்கும், நினைவகத்துக்கும் முக்கியப் பவருக்கும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் 12 வர வேண்டிய வயர். கறுப்பு எர்த். வண்டிப் பக்கம் சாவி லைன் தேடச் சோம்பல்பட்டு, சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர லைனில் கொடுத்துவிடுவது பரவலாக நடக்கிறது. அப்படிச் செய்தால் பட்டனில் அணைத்து முகப்பு இருட்டானாலும் செட் உள்ளுக்குள் விழித்தே இருக்கும். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் தனி ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறதா என்றும் பாருங்கள். செட் தூங்காவிட்டால் அதுவும் தூங்காது.

உறுதிப்படுத்த: கசிவு அளக்கும் நிலையிலேயே செட்டின் பின் பிளக்கை உருவுங்கள். 340, 30க்கு இறங்கினால் குற்றவாளி கையில்.

சரிசெய்ய, நெகடிவைக் கழற்றிவிட்டுச் சிவப்பு வயரைப் பிரித்தெடுங்கள். மறுபடி நெகடிவை மாட்டி, வண்டியின் ஸ்டீரியோ பிளக்கில் சாவி போட்டால் 12 வோல்ட், எடுத்தால் 0 காட்டும் வயரைத் தேடுங்கள். சில வண்டிகளில் அது பிளக்கிலேயே இருக்காது. அப்போது உங்கள் லைட்டர் சாக்கெட் ஃபியூஸ் உதவும், டாஷ்கேம் சாவியோடு அணைவதால் அது சாவி லைன் என்று தெரிந்துவிட்டது. அந்த ஃபியூஸ் இடத்தில் ஃபியூஸ் டேப் (அங்கிருந்தே இன்னொரு லைன் எடுக்க உதவும் அடாப்டர்) செருகி, புது வயருக்கு அதிலேயே தனியாக 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுச் சிவப்புக்குக் கொண்டுபோங்கள். சிவப்பு சைகை மட்டும் வாங்குவதால் கரண்ட் மிகக் குறைவு. வயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம், வெயிலில் பசை இளகிப் பிரிந்துவிடும். வயரை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் கனெக்டர், அல்லது சால்டர் வைத்து மேலே சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

எர்த்வயர்:

வயரிங் முடிந்ததும் கசிவை ஒருமுறை மறுபடி அளந்துவிடுங்கள், 30க்குப் பக்கத்தில் வர வேண்டும்.

இதுவரை பலமுறை 12க்குக் கீழே போன பேட்டரி என்பதால் தகடுகளில் சல்பேட் கொஞ்சம் படிந்திருக்கும். செல்ஃபில் 10.4 நிற்பதால் காப்பாற்றிவிடலாம். ஒரு விஷயம்: முழுக்க இறங்கிய பேட்டரியை ஆல்டர்னேட்டரை நம்பி ஏற்றாதீர்கள். ஜம்ப் செய்து அரை மணி நேரம் ஐட்லிங்கில் விட்டால் நிரம்பிவிடும் என்று நினைப்பது தவறு, அது நிரம்ப மணிக்கணக்கில் ஆகும். 45 ஆம்பியர் அவருக்குச் சார்ஜரில் 4 முதல் 4.5 ஆம்பியர் போதும். மூடி திறக்கும் வகையாக இருந்தால் சார்ஜ் ஏற்றிய பிறகு பார்த்து, தகடுக்கு மேல் சுமார் 10 மி.மீ. நிற்கும்படி டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் விடுங்கள், ஆசிட் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

நெகடிவ் கழற்றி மாட்டியதால் கதவுக் கண்ணாடி ஒரே தொடுதலில் ஏறும் வசதி போயிருக்கலாம். கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, பட்டனை மேலே சில வினாடி இழுத்துப் பிடித்தால் பெரும்பாலான வண்டிகளில் திரும்பிவிடும்.

பின்சக்கரம்:

டிக்கி இருட்டாகத்தான் இருந்தது. செட்டை இழுத்தேன்: சிவப்பும் மஞ்சளும் ஒரே முறுக்கில், மேலே டேப். பிளக்கை உருவியதும் 31. ஃபியூஸ் டேப் வாங்கிப் போட்டுவிட்டேன், இப்போது எல்லாம் மாட்டிய நிலையில் 33 மில்லி ஆம்பியர்.