புதுப்பிப்பு: செப்ஸ்டோ கோட்டை இடிபாட்டு அச்சு அசலா, நகலா?

என்னிடமுள்ள பழைய அச்சுப்படம் ஒன்று அசலா, பிற்கால நகலா என்று முன்பு கேட்டிருந்தேன்; யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேல்ஸின் வை நதிக்கரைக் கோட்டையைக் காட்டும் அந்தப் பழுப்பு அச்சு அசல்தான், செப்புத்தகட்டு அக்வாடின்ட் (தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து, அமிலத்தால் அரித்து, மை பூசி எடுக்கும் அச்சு).

கைகொடுத்தது, ஃபிரேமைக் கழற்றி 10 மடங்கு லென்ஸில் வானப்பகுதியைப் பார்க்கச் சொன்ன பதில். வரிசைப் புள்ளிகள் தெரிந்தால் பிற்கால இயந்திர அச்சு. இதில் ஒழுங்கில்லாத வலை போன்ற பிசின் மணித்தடம். அச்சிடும்போது தகட்டு விளிம்பு காகிதத்தில் அழுத்திய பள்ளமும் இருக்கிறது. அதை மட்டும் நம்பக் கூடாது, போலியாகவும் அழுத்துவார்கள்.

எதிர்பாராதது வாட்டர்மார்க், அதாவது காகிதம் செய்யும்போதே அதில் பதியும் குறி. தகட்டில் 1777, வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்தில் 'வாட்மேன் 1801' (வாட்மேன் ஓர் ஆங்கிலேயக் காகிதத் தயாரிப்பாளர் பெயர்). ஆங்கிலேயக் காகிதத்தில் ஆண்டு போடுவது 1794 சட்டத்துக்குப் பிறகே பரவியது. ஆக, அசல் அக்வாடின்ட்தான், ஆனால் பழைய தகட்டில் பின்னாளில் எடுத்த பிரதி, விலை குறையும்.

ஓரப் பழுப்புக்குக் காரணம் பழைய பின்னட்டையின் அமிலம். அமிலமற்ற அட்டைக்கு மாற்றியாச்சு. படத்தை அட்டையில் பிடிக்க டேப் கிடையாது, ஜப்பானியக் காகிதக் கீலும் (மடித்து ஒட்டும் சிறு துண்டு) கோதுமை ஸ்டார்ச் பசையும்தான்.