புதுப்பிப்பு: பெரியவர்களுக்கு ஏடிஎச்டி பரிசோதனை, பெங்களூரு

முப்பது வயது தாண்டிய எனக்கு ஏடிஎச்டி (கவனக் குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) இருக்குமா, இங்கே யாரைப் பார்ப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது.

கைகொடுத்தது, பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகளைத் தேடச் சொன்னவரின் யோசனைதான். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்தனவா என்பதை மனநல மருத்துவர் துருவித் துருவிக் கேட்டார். அம்மா மதுரையிலிருந்து அனுப்பிய நான்காம் வகுப்பு அட்டையில், 'வீட்டுப்பாடம் எழுதுகிறான், கொண்டுவர மறக்கிறான்' என்று சிவப்பு மையில் இருந்தது. உலகச் சுகாதார அமைப்பின் 6 கேள்வி வினாத்தாள் வெறும் சல்லடைதானாம்; அதை வைத்து முடிவு கட்ட மாட்டார்கள்.

எதிர்பாராதது: முதலில் தைராய்டு, தூக்கம், மனப்பதற்றம் எல்லாவற்றையும் அலசினார்கள். நியாயம்தான், எரிச்சலாக இருந்தாலும். ஏடிஎச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மருந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. சீட்டு இருந்தும் பக்கத்துக் கடையில் இருப்பு இல்லை. போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.